முப்பத்தாறு மங்கு

11 செப்டம்பர் 2025, வியாழன்

பூக்கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுப் போனை வைத்துவிட்டேன். பன்னிரண்டு மேசை, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூ அலங்காரம், அவ்வளவுதான். தங்கத்திலா பூ பூக்கிறது அவன் கடையில்?

அக்டோபர் 24 வெள்ளிக்கிழமை மாலை சர்ச்சில் கல்யாண ஒத்திகை. அது முடிந்ததும் ஹாலில் இரண்டு வீட்டாருக்கும் சாப்பாடு. சனி காலை இங்கே மலாக்கா சர்ச்சில் திருமணம், ஞாயிறு காலை செலண்டாரில் மாப்பிள்ளை வீட்டார் கோவிலில் தாலி. வெள்ளிக்கிழமைச் சாப்பாடு பெண் வீட்டுப் பொறுப்பு. பெண் வீடு என்றால் நான் ஒருத்திதான். கணவர் நகுலன் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

மேசை அலங்காரத்தை நானே செய்கிறேன் என்று மகள் தர்மினிக்குச் சொன்னேன். "நீயா?" என்றாள். அதற்கு மேல் சொல்லத் தேவையுமில்லை. இரண்டு வருடம் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நின்றவள் நான். மாப்பிள்ளை பவனிடம் குறை ஒன்றுமில்லை. சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன், குடிப்பதில்லை, பெரியவர்களிடம் குரலை உயர்த்துவதில்லை. அவன் அம்மா தோட்டத்தில் பால்வெட்டியவர் என்பதுதான் எனக்குக் குறை. "பால்வெட்டுக்காரி மகன்" என்று ஒருநாள் போனில் சொல்லித் தொலைத்தேன். மகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பக்கத்தில் அவன் இருந்தான்.

மன்னிப்புக் கேட்டேன்தான். வாயால் கேட்டதை யார் நம்புகிறார்கள்? கையால் ஏதாவது செய்ய வேண்டும்.


14 செப்டம்பர், ஞாயிறு

பிரசங்கத்தின் நடுவில் யோசனை வந்தது, கடவுள் மன்னிக்கட்டும். ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு. கழுவி, விளிம்பில் தங்கச் சாயம் அடித்து, உள்ளே மெழுகுவத்தி வைத்து, சுற்றிக் காகிதப்பூ. மேசைக்கு மூன்று. பன்னிரண்டு மேசைக்கு முப்பத்தாறு. செலவே இல்லை. அதைவிட, அவர்கள் பிழைத்த பிழைப்பை நான் தலைமேல் வைத்துக்கொள்கிறேன் என்று காட்டினதாகவும் இருக்கும். பால்வெட்டு என்று சொன்ன வாய்க்கு இதுதான் பரிகாரம்.

எங்கே பார்த்தேன் இதை? ஏதாவது பத்திரிகையில் இருந்திருக்கும்.


20 செப்டம்பர், சனி

செலண்டாருக்குப் போய்வந்தேன். அப்பா பெரிய கிராணியாக, ஆபீசில் தலைமைக் கணக்கராக, இருந்த அதே தோட்டம். எனக்குப் பதினோரு வயது ஆகும்வரை கிராணி வீட்டில்தான் இருந்தோம். வீடு இப்போது இல்லை. ரப்பர் பாதிக்கு மேல் வெட்டி எண்ணெய்ப்பனை வைத்துவிட்டார்கள். ஸ்டோருக்குப் பின்னால் பழைய மங்கு குவியலாகக் கிடக்கிறது, புல் முளைத்து.

காவலுக்கு இருக்கும் அங்கமுத்துவுக்கு எழுபது இருக்கும். கிராணியார் மகள் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்று சொல்லியும் உட்காரவில்லை. மங்கு எதற்கு என்று கேட்டார், சொன்னேன். சிரிக்கவில்லை. "அப்பல்லாம் ஒரு மங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாலே வேல போயிரும்மா. இப்ப யாரு கேக்குறா. எடுத்துக்குங்க," என்றார். நாற்பதை எடுத்துச் சாக்கில் போட்டுக் காரில் வைத்துக் கொடுத்தார். கொடுத்த காசை வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் படத்தைத் துடைத்தேன். ஜூன் மாதம் நிச்சயத்துக்கு வந்தபோது பவனின் அம்மா பாக்கியலட்சுமி இந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்பா பெயர் குலசிங்கம், குலம் கிராணி என்பார்கள், பெரிய உத்தியோகம் என்று பெருமையாகச் சொன்னேன். "தெரியும்," என்றார் அந்த அம்மா. அவரும் செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்தான். எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.


23 செப்டம்பர், செவ்வாய்

நாற்றம்! ஒட்டுப்பால் காய்ந்து மங்கின் அடியில் தோல் மாதிரி பிடித்திருக்கிறது. வெந்நீரில் ஊறப்போட்டுக் கத்தியால் சுரண்டுகிறேன். நகக்கண் எல்லாம் அந்த வாடை. சோறு பிசையவே கூசுகிறது. இரண்டு மங்கு கையோடு உடைந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்தி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டாள்.


5 அக்டோபர், ஞாயிறு

தர்மினி வந்தாள். மத்தியானம் முழுதும் தரையில் உட்கார்ந்து மங்கு விளிம்புக்குச் சாயம் அடித்தாள். நான் பாண்டான் இலையை மடித்து ரோஜா செய்தேன், அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். மூக்கில் தங்கச் சாயத்தோடு சிரித்தாள். எத்தனை மாதம் ஆயிற்று இந்தச் சிரிப்பைப் பார்த்து?

மேசைக்கு இரண்டு போதும், மூன்று நெருக்கமாக இருக்கும் என்றாள். மூன்றுதான் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒன்றை ஒட்டி ஒன்று வரிசையாக. ஏன் என்று கேட்டாள். அப்படித்தான் அழகு என்றேன்.

போகும்போது கட்டிக்கொண்டாள். "தேங்க்ஸ்மா. அத்தைக்கிட்ட இது சர்ப்ரைஸ், நான் சொல்லல லா," என்றாள். அத்தை என்றால் பவனின் அம்மா. அந்தச் சொல் முன்பு என்னைக் குத்தும். இன்று குத்தவில்லை.


20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பவன் முறுக்கு, அதிரசம் கொண்டுவந்தான். முப்பத்தாறும் தயார். இரண்டு உபரி. தாழ்வாரத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். அவன் பார்த்துவிடக் கூடாதென்று மேலே துணி போட்டு மூடினேன்.


24 அக்டோபர், வெள்ளி, காலை

மழை இல்லை. நன்றி ஆண்டவரே. காகிதப்பூ பறித்தாயிற்று. மூன்று மணிக்கு ஹாலுக்குப் போக வேண்டும்.


25 அக்டோபர், சனி

கல்யாணம் முடிந்தது. தர்மினி அழகாக இருந்தாள்.

சம்மந்தி சர்ச்சுக்கு வரவில்லை. தலைவலி என்றார்கள்.


27 அக்டோபர், திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் என்ன நடந்தது என்று எனக்கே விளங்கும்.

வெள்ளிக்கிழமை ஹால் நன்றாகத்தான் இருந்தது. பெரிய விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்திகளை ஏற்றியதும் எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். பவனின் அப்பா கணேசமூர்த்தி வாசலிலேயே, அட மங்கு என்று உரக்கச் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

முதல் மேசையில் பாக்கியலட்சுமி. பக்கத்து நாற்காலி எனக்கு. அவர் உட்கார்ந்தார், மேசையைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். நான் பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். இது என் கைவேலை, உங்களுக்காகத்தான் என்று அசடு மாதிரி. அவர் கையை நீட்டி மூன்று திரியையும் விரலால் நசுக்கி அணைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு மங்கை எடுத்து மெழுகைத் தட்டில் கொட்டிவிட்டு, உள்விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று வழித்தார். குப்புறக் கவிழ்த்து வைத்தார். மற்ற இரண்டையும் அப்படியே. வெட்டு முடிந்ததும் மரத்தடியில் கவிழ்ப்பார்களே, அப்படி. தர்மினி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கவளம் சோறு சாப்பிட்டார். எழுந்து போய்விட்டார்.

நேற்று கோவிலில் மாப்பிள்ளைக்கு அம்மாவாகச் செய்ய வேண்டியது எல்லாம் முறைப்படி செய்தார். தாலியை எல்லாரிடமும் காட்டி ஆசி வாங்கும் தட்டு என்னிடம் வந்தபோது மட்டும் வேறு பக்கம் பார்த்தார்.

முப்பத்தாறு மங்கும் பெட்டியோடு பவன் காரில் போய்விட்டது.


28 அக்டோபர், செவ்வாய்

தர்மினி வந்தாள், தன் துணிமணியை எடுத்துப்போக. கொஞ்ச நாள் செலண்டாரில் மாமியார் வீட்டில்தான் இருக்கப் போகிறார்கள். இரண்டு பெட்டி அடுக்கினாள். நான் கேட்கக் கேட்க, கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். பவன் அவளுக்குச் சொன்னது. பவனுக்கே அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிதான் தெரியுமாம்.

எழுபத்தைந்தாம் வருடம் கார்த்திகை. பாக்கியலட்சுமிக்குப் பத்து வயது. அவருடைய அம்மா ஸ்டோருக்குப் பின்னால் எறிந்து கிடந்த மூன்று மங்கை எடுத்துவந்திருக்கிறார், விளிம்பு உடைந்தவை. எண்ணெய் விட்டுத் திரி போட்டு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வைத்திருக்கிறார். அகல் வாங்க வழியில்லை. யாரோ போய்க் கிராணியிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை பெரட்டில், ஆள் எண்ணும் இடத்தில், எல்லார் முன்னாலும் அந்த மூன்று மங்கையும் சணலில் கோர்த்துக் கழுத்தில் போட்டு அந்த அம்மாவை நிற்க வைத்திருக்கிறார் பெரிய கிராணி. தோட்டத்துச் சாமானைத் திருடியவள். உச்சி வெயில்வரை. பத்து வயது மகள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அந்த வாரமே செக்ரோலில், ஆள் பதிவேட்டில், பேரை அடித்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அந்த அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை கார்த்திகைக்கு விளக்கே வைக்கவில்லையாம்.

"தாத்தாதானே அது," என்றாள்.

எனக்குத் தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது என்றேன்.

"பொய் சொல்லாதம்மா. சரியா மங்கு, சரியா விளக்கு, சரியா மூணு. ரெண்டு போதும்னு நான் சொன்னேன், நீ கேக்கல. ரெண்டு வருசமா அவங்கள என்னென்ன சொன்ன. கடைசியா எல்லார் முன்னாலயும் இதான் நீங்கன்னு காட்டணும், அதானே?"

என் மகள் அதை நம்புகிறாள். நான் ஒரு மாதம் நகம் தேய உட்கார்ந்து சுரண்டியது அந்த அம்மாவை அவமானப்படுத்த என்று நம்புகிறாள்.

ஏன் மூன்று என்று கேட்டாள். எனக்கே தெரியாதே. பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டைக்கூடச் சாத்தவில்லை.


30 அக்டோபர், வியாழன்

ஏன் மூன்று?


31 அக்டோபர், வெள்ளி

நான்தான்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது. அப்படியே வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு எட்டு வயது. ஆயா கையைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும் நேரம் லயத்துப் பக்கம் நடந்தேன். அம்மா அங்கே போகக் கூடாது என்பார், ஆயா கூட்டிப்போவாள். கடைசி லயத்தில் ஒரு வாசற்படி. மூன்று மங்கு, ஒன்றை ஒட்டி ஒன்று, உள்ளே சுடர். எங்கள் வீட்டில் சிலுவைக்கு முன்னால் ஒரு மெழுகுவத்திதான். இத்தனை அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நின்றேன். ஆயா இழுத்தாள், வரமாட்டேன் என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்து, அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். "அப்பா, எங்கட வீட்டிலயும் வைப்பமா? அந்தக் கடைசி லயத்தில மூண்டு மங்கில விளக்கு எரியுது. நல்ல வடிவு."

"எந்த வீடு பிள்ளை?" என்று கேட்டார்.

வாசலிலிருந்து எண்ணிச் சொன்னேன். எனக்கு எண்ண நன்றாக வரும், அதில் அவருக்குப் பெருமை. நாலாவது வீடு என்றேன். அப்பா தலையாட்டினார், மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தார், முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டார்.

காட்டிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கும் வேண்டும் என்றுதான் சொன்னேன். மறுநாள் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐம்பது வருடம் கழித்து, பிரசங்கத்தின் நடுவில், அதுவே என் சொந்த யோசனை மாதிரி எழுந்து வருகிறது. பத்திரிகையில் பார்த்தேனாம். வெட்கமாக இல்லையா ரோகினி உனக்கு?


2 நவம்பர், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

சொன்னால், வேண்டுமென்று செய்யவில்லை என்பது மகளுக்குத் தெரியும். சொன்னால், யார் போய்ச் சொன்னது என்பதும் தெரியும். ஒன்றைக் கழுவப் போனால் மற்றது வெளியே வருகிறது. சொல்லாமல் இருந்தால்? மருமகன் வீட்டை மதிக்காத திமிர் பிடித்தவள், அவ்வளவுதான். அந்தப் பேர் எனக்கு ஏற்கனவே உண்டு. அதோடு காலத்தை ஓட்டிவிடலாம்.

ஓட்டலாமா?


5 நவம்பர், புதன்

தர்மினி போனை எடுக்கவில்லை. மூன்றாவது நாள்.


9 நவம்பர், ஞாயிறு

போனேன். சொல்லிவிட்டேன்.

செலண்டார் தாமானில், புதுக் குடியிருப்பில், கடைசி வீடு. சம்மந்தி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எதிரே சிமெண்ட் படியில் உட்கார்ந்தேன். தர்மினி உள்ளேயிருந்து கதவுவரை வந்து அங்கேயே நின்றுகொண்டாள்.

வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசி லயம், நாலாவது வீடு, எண்ணிச் சொன்னது நான் என்று மட்டும் சொன்னேன். எட்டு வயது என்று சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். அதைச் சொன்னால் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டது மாதிரி ஆகிவிடும்.

அவர் கை நின்றது. உள்ளே குக்கர் விசில் அடித்தது, யாரும் போகவில்லை.

"வீராசாமின்னு ஒருத்தன் இருந்தான்," என்றார் பிறகு. "கங்காணி மவன். எங்களவிட ரெண்டு மூணு வயசு பெரியவன். அவன்தான் சொல்லியிருப்பான்னு எங்கம்மா சொல்லுச்சு. வீட்ட விட்டுக் கெளம்பறப்ப அவன் வாசல்ல எங்கம்மா மண்ண வாரித் தூத்துச்சு. நானும் தூத்தினேன். எங்கம்மா செத்தப்புறமும் விடல. வருசா வருசம் கார்த்திக அன்னைக்கி அவன் பேரச் சொல்லிச் சபிச்சிருக்கேன். மலாக்காவுல பஸ்ஸுல ஒரு தடவ பாத்தேன், தங்கச்சின்னு கூப்பிட்டான், மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். முந்தின வருசம் செத்துப் போனான். நல்லா வேணும்னு நெனச்சேன்."

நெத்திலித் தட்டைக் கீழே வைத்தார்.

"அவன் ஒண்ணுமே செய்யலியா?"

இல்லை என்றேன்.

அழுதார். அந்த அம்மா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. தன் அம்மாவுக்காக அழவில்லை, அந்த வீராசாமிக்காக அழுதார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என் கால் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இப்ப நான் யாரு மேல தூத்தறது சொல்லுங்க. எம் புள்ளைக்கு மாமியா நீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. நெத்திலியை எடுத்துக்கொண்டு மறுபடி கிள்ளத் தொடங்கினார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தேன். கதவருகில் தர்மினி இல்லை. சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. யாரும் காப்பி தரவில்லை. தர வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.


10 நவம்பர், திங்கள்

அப்பாவின் படத்தைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். கழற்றிவிட்டால் அவர் ஒருவர் செய்ததாக ஆகிவிடும். இருக்கட்டும், என்னைப் பார்த்துக்கொண்டு.


16 நவம்பர், ஞாயிறு

ஒன்றுமில்லை.


23 நவம்பர், ஞாயிறு

தர்மினியிடமிருந்து ஒரு மெசேஜ். "என் நீல நிறக் குடை அங்க இருக்கா?" இருக்கிறது என்று போட்டேன். ஓகே என்று வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டு எழுதி, அழித்துவிட்டேன்.

தாழ்வாரத்தில் இரண்டு உபரி மங்கு இன்னும் இருக்கிறது. வாடை போகவே இல்லை.


28 நவம்பர், வெள்ளி

பாச்சாங் சந்தையில் கணேசமூர்த்தியைப் பார்த்தேன், மீன் கடையில். நின்று பேசினார், நல்ல மனிதர். வீட்டில் எப்படி என்று கேட்டேன். போன வாரம் சம்மந்தியைக் கூட்டிக்கொண்டு வீராசாமியின் மனைவி வீட்டுக்குப் போய்வந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது, அவர் காரிலேயே இருந்துவிட்டாராம். "திரும்பி வரப்ப ஒரு வார்த்த பேசலம்மா அவ," என்றார்.


3 டிசம்பர், புதன்

காலண்டரில் போட்டிருக்கிறது, இன்று கார்த்திகை தீபம்.

காலை ஏழரைக்குக் கேட்டில் ஹாரன். தர்மினி. காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, பின் சீட்டில் பெட்டி இருக்கு எடுத்துக்கோ, ஆபீசுக்கு நேரமாச்சு என்றாள். குடையைக் கொடுத்தேன். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவள் வராமல் போய்விட்டால்?

பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தேன். மங்கு எல்லாம் கழுவித் துடைத்திருந்தது. மெழுகு ஒரு பொட்டு இல்லை. நான் அடித்த தங்கச் சாயத்தையும் விளிம்பிலிருந்து சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஒன்றோடு ஒன்று முட்டாமல் நடுவில் பழைய பேப்பர்.

எண்ணினேன். என்னால் எண்ணாமல் இருக்க முடியாது.

முப்பத்து மூன்று.

பேப்பரை எல்லாம் உதறித் தரையில் வரிசையாக அடுக்கி, மறுபடி எண்ணினேன். உடைந்த துண்டு ஒன்றும் இல்லை. முப்பத்து மூன்று.

அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குப் போன் அடித்தது. தர்மினி.

"பெட்டியத் திறந்தியாம்மா? எல்லாம் சரியா இருக்கா?"

எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.